பொட்டல் நிலத்தின் பங்கு

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் செல்பவர்கள் பெரும்பாலும் மேற்குப் பக்கச் சன்னலையே விரும்புவார்கள். ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொண்ட அந்தச் சிறு பயணத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணைவிட்டு அகலுவதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மலையின் இடுப்பில் தங்கி நிற்கும். அடிவாரத்து மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் மலைக்கு விரித்த பாய்போலத் தோன்றும். கிழக்குப் பக்கம் உட்கார நேர்ந்தவருக்கோ இவை எதுவும் இல்லை. அவருக்குக் கிடைப்பது வெயிலும், புதர், பொட்டல், மறுபடி புதர், மறுபடி பொட்டல் என்று மாறி மாறி ஓடும் தரிசுப் புஞ்சையுமே. நாமும் பல ஆண்டுகள் மேற்கையே பார்த்து வந்தவர்கள்தாம். ஒருமுறை இடம் கிடைக்காமல் கிழக்கே அமர்ந்தபோதுதான் அந்தக் கேள்வி நம் மனத்தில் எழுந்தது. இந்தப் புதர்கள் ஏன் நிலம் முழுவதும் பரவி வளராமல், யாரோ அளந்து நட்டாற்போல ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன?

கேள்வி சிறியது. அதன் பின்னே சென்றபோது, அது தாவரங்களைப் பற்றிய கேள்வியாக மட்டும் நிற்கவில்லை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரின் பெரும்பகுதியைக் கேரளத்துச் சரிவிலேயே இறக்கிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. விருதுநகர் மாவட்டத்துச் சமவெளிக்கு ஆண்டு முழுவதும் சேர்த்துக் கிடைப்பது 800 மில்லிமீட்டர் அளவான மழை. அதிலும் ஏறத்தாழப் பாதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வானம் நம்மைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஆகவே இங்கே பசுமை நீரின் தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு செல்கிறது. மலை உச்சியில் பசுமை மாறாக் காடு, நடுச்சரிவில் இலையுதிர் காடு, அடிவாரத்தில் முட்புதர். இவற்றின் குறுக்கே, ஓடைகளின் இரு கரையிலும், உயர்ந்த மரங்களின் வரிசை ஒன்று பச்சைக் கயிறு போல இறங்கி வருகிறது. திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் இதைக் காணலாம். சாம்பல் நிற மலை அணில்கள் அந்தக் கயிற்றைப் பற்றித்தான் வாழ்கின்றன. அவை தரையில் இறங்க அஞ்சும். கிளைவிட்டுக் கிளை தாவியே ஊர் சுற்றும். அவற்றுக்காக 1988-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. நீர் ஓடும் கோட்டில் மரங்கள், மரங்களின் கோட்டில் அணில்கள். இந்த ஒழுங்கு எவருக்கும் எளிதில் விளங்கும்.

ஓடை இல்லாத சமவெளியில் காணும் ஒழுங்குதான் விளங்குவது கடினம். அங்கே நீர் ஓடும் கோடு என்று எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் உடைமரமும் ஆவாரையும் கொழுஞ்சியும் திட்டுத் திட்டாகக் கூடி நிற்க, இடையிலே செம்மண் வெறுமையாகக் கிடக்கிறது.

ஒரு மாலையில் சாலையைவிட்டு இறங்கி அந்தச் செவக்காட்டில் நடந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓர் உடைமரத்தின் குடைநிழலில் நின்றிருந்தார். அவருடைய ஆடுகளும் அங்கேதான் நின்றன. மரத்தடியில் புல் இருந்தது. உதிர்ந்த இலைகளும் காய்ந்த புழுக்கையும் கலந்து மண் கறுத்து, விரலால் கிளறினால் பொலபொலவென்று உதிர்ந்தது. பத்து எட்டு தள்ளி, பொட்டலில், மண்ணின் மேல்தோல் ஓடுபோல் இறுகிக் கிடந்தது. குச்சியால் குத்தினால் குச்சிதான் முறியும் போலிருந்தது. "இந்த இடமெல்லாம் இப்படிச் சும்மாவே கிடக்கிறதே, அய்யா?" என்று கேட்டோம்.

"சும்மா கெடக்குன்னு நெனைக்காதீக, தம்பி. மழை பேஞ்சா இது ஒரு சொட்டுக் குடிக்காது. அப்படியே வழிச்சு அந்தப் பக்கம் விட்டுரும். அங்கன பச்சையா நிக்கிதுல்ல, அது இது குடுத்ததுதான்" என்றார்.

இந்தச் செய்தியை அறிவியல் உலகம் அறிந்துகொண்டது சற்று வேடிக்கையான வரலாறு. தரையில் நடப்பவருக்கு அந்த ஒழுங்கு புலப்படவில்லை. வானூர்தி வந்தபிறகே புலப்பட்டது. அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்த சோமாலிலாந்தின் வறண்ட சமவெளிகளை மேலிருந்து எடுத்த ஒளிப்படங்களில், தாவரங்கள் வில்போலவும் பட்டைபட்டையாகவும் அணிவகுத்து நிற்பதை மக்ஃபாதியன் என்ற நில ஆய்வாளர் கண்டு 1950-இல் எழுதினார். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் இத்தகைய நிலத்துக்குப் 'புலிப்புதர்' என்றே பெயர். மேலிருந்து பார்த்தால் நிலம் புலித்தோலை விரித்தாற்போல் இருக்குமாம். ஆஸ்திரேலியாவிலும் மெக்சிகோவிலும் இவ்வகைப் பட்டைகள் உண்டு.

நம் இராசபாளையத்துப் புஞ்சையில் அத்தகைய சீரான புலித்தோலை எதிர்பார்க்கக் கூடாது. இங்கே மழை அந்த நிலங்களைவிட அதிகம். உழவும் ஆடும் அரிவாளும் நிலத்தை ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கின்றன. சற்றுக் கிழக்கே சாத்தூர்ப் பக்கம் போனால் கரிசல் வந்துவிடும். அது வெடித்த வாயோடு கிடந்து முதல் மழையைத் தானே விழுங்கிவிடும் மண். அதன் கணக்கு வேறு. ஆனால் பெரியவர் சொன்ன விதி இங்கும் அங்கும் ஒன்றே.

அந்த விதி இதுதான். வெற்று மண்ணில் மழைத்துளி விழும்போது நுண்ணிய துகள்களை அடித்து மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. காய்ந்தபின் அது தோலாகிறது. அடுத்த மழை அந்தத் தோலின்மீது வழிந்தோடுகிறது. வழியில் ஒரு புதர் இருந்தால் நீர் அங்கே தடைப்படுகிறது. புதரடியில் வேர்கள் மண்ணைத் துளைத்திருக்கின்றன. கறையானும் எறும்பும் வழி திறந்திருக்கின்றன. சருகு துளியின் அடியைத் தாங்குகிறது. நீர் உள்ளே இறங்குகிறது. புதர் இன்னும் வளர்கிறது. வளர்வதால் இன்னும் அதிகமாக நீரைப் பிடிக்கிறது. ஆனால் அதன் பக்கவேர்கள் தழையின் நிழலையும் தாண்டி வெளியே நெடுந்தூரம் ஓடுவதால், அந்தத் தொலைவில் முளைக்கும் புதிய செடிக்கு ஈரம் மிஞ்சுவதில்லை. அருகில் இருப்பவனுக்கு உதவி, தொலைவில் இருப்பவனோடு போட்டி. இந்த இரண்டும் ஒருங்கே நடக்கும்போது திட்டுகளும் பட்டைகளும் தாமாகவே உருவாகின்றன. நட்டவன் ஒருவனும் வேண்டியதில்லை. ஆலன் டூரிங் என்ற ஆங்கிலக் கணித மேதை, விலங்குகளின் உடலில் புள்ளியும் வரியும் எவ்வாறு தோன்றக்கூடும் என்று 1952-இல் ஒரு கணக்கு எழுதினார். அதே வகைக் கணக்கைக் கிளாஸ்மையர் என்ற ஆய்வாளர் 1999-இல் நீருக்கும் தாவரத்துக்கும் பொருத்தி எழுதினார். புலியின் தோலுக்கும் புலிப்புதருக்கும் இடையே உள்ள ஒற்றுமை வெறும் உவமையன்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வறண்ட நிலத்தில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழை என்றும், ஒரு புதர் உயிர்வாழ 600 தேவை என்றும் வைத்துக்கொள்வோம். மழையை நிலம் முழுவதும் சமமாகப் பகிர்ந்தால் எல்லா இடத்துக்கும் 300 கிடைக்கும். எல்லாச் செடியும் செத்துப்போகும். மூன்றில் இரண்டு பங்கு நிலம் பொட்டலாகக் கிடந்து, தன்மீது விழுந்ததில் பாதியை வழியவிட்டால், எஞ்சிய ஒரு பங்குக்குத் தன் 300-ம் வந்துசேர்ந்த 300-மாக 600 கிடைத்துவிடும். புதர் பிழைத்துக்கொள்ளும். அதன் நிழலில் பறவையும் பூச்சியும் ஆடும் மேய்ப்பவரும் பிழைப்பார்கள்.

இங்கேதான் நம் உள்ளம் தடுமாறத் தொடங்கியது. எல்லாருக்கும் போதாத ஒன்றை எல்லாருக்கும் சமமாகப் பகிர்வது நீதியா? அல்லது சிலர் வறண்டு கிடந்து சிலரை வாழவைப்பதுதான் படைப்பின் ஒழுங்கா?

இரண்டாவது விடையைச் சொல்லப் பலர் காத்திருக்கிறார்கள். நகரம் செழிக்க வேண்டுமானால் சில சிற்றூர்கள் காய்ந்துதான் ஆகவேண்டும் என்று நயமாகச் சொல்வோரை நாம் அறிவோம். ஒரு குடும்பத்தில் மூத்தவன் படிப்பதற்காக இளையவள் தறிக்கூடத்துக்குப் போனதை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடியாதல்லவா என்று நியாயப்படுத்திய தந்தையரையும் அறிவோம். பஞ்சாலையும் மருத்துவத் துணித் தறியும் நிறைந்த இந்த வட்டாரத்தில் அத்தகைய தங்கையர் இல்லாத தெரு அரிது. தாலந்துகள் உவமையின் இறுதியில் வரும் கடுமையான சொல்லையும் இதற்குச் சான்றாக இழுப்பவர்கள் உண்டு. புகழ் உள்ளவரிடமே மேலும் புகழ் சேர்வதற்கு 1968-இல் ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலார் 'மத்தேயு விளைவு' என்றே பெயர் சூட்டிவிட்டார். அந்த உவமை வேலைக்காரரிடம் ஒப்படைத்ததற்குக் கணக்குக் கேட்பதைப் பற்றியது. உள்ளவனுக்குக் காவல் நிற்பதற்காகச் சொல்லப்பட்டதன்று என்பதே நம் கருத்து. எனினும் புதரைக் காட்டி வாதாடுபவருக்கு உவமையைக் காட்டி விடை சொல்லிவிட்டு ஒதுங்க நமக்கு மனமில்லை. புதரைக் கொண்டே விடை சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

புதர் பெறுகிறது என்பது உண்மை. ஆனால் பெற்றதை அது என்ன செய்கிறது என்று உடைமரத்தடியில் பார்த்தோம். சருகாகவும் நிழலாகவும் திறந்த மண்ணாகவும் அது தன் காலடியிலேயே திருப்பிக் கொடுக்கிறது. அந்தக் கொடை இல்லையேல் அடுத்த மழை அதன் காலடியிலும் நிற்காது ஓடிவிடும். கொடுப்பதனால்தான் அதற்குப் பெறவே முடிகிறது. சில நாடுகளில் இந்தப் புதர்ப்பட்டைகள் மிக மெதுவாக மேட்டை நோக்கி நகர்வதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நீர் வந்துசேரும் மேல் விளிம்பில் புதுச் செடி முளைக்கிறது. கீழ் விளிம்பில் பழைய செடி காய்ந்து மடிகிறது. இன்று பொட்டலாக இருப்பது பல ஆண்டுகள் கழித்துப் பச்சையாகும். இன்றைய பச்சை பொட்டலாகும். நம்மிடையே செழித்திருப்போர் இந்தப் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. பொட்டல் மண்ணுக்குத் தாகம் இல்லை. அது காய்ந்து கிடப்பதால் எவரும் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பதில்லை. மனிதரை அந்த இடத்தில் வைத்துவிட்டு, இயற்கையே இப்படித்தான் என்று சொல்பவர், இயற்கையிடமிருந்து பாதியை மட்டும் கற்றவர்.

நம் முன்னோர் மீதியையும் கற்றிருந்தார்கள் என்று எண்ண இடமிருக்கிறது. கண்மாயைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. திருவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாயும் அவற்றில் ஒன்று. தென் மாவட்டங்களின் சமவெளியை மேலிருந்து எடுத்த படம் ஒன்றைப் பார்த்தால், பிறைபிறையாகக் கரைகளும், ஒவ்வொரு பிறைக்கும் கீழே ஒரு பச்சைத் திட்டும், மேலே விரிந்த வறண்ட பரப்பும் தெரியும். நைஜரின் புலிப்புதருக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை நம்மைத் திகைக்க வைத்தது. மேட்டுநிலம் மழையைக் குடிக்காமல் வழியவிடுகிறது, வரத்துக்கால் அதை ஏந்திவருகிறது, கரை தடுக்கிறது, மடை திறந்து நஞ்சை விளைகிறது. பாலை நாடுகளிலும் இந்த உத்தி புதிதன்று. நெகேவ் பாலையில் நபத்தேயர் காலத்துப் பண்ணைகளை மீட்டெடுத்து ஆராய்ந்த எவனாரி, ஒரு பங்கு வயலுக்கு 20 முதல் 30 பங்கு வெற்றுச் சரிவு நீரூட்டியது என்று கண்டார்.

ஆனால் நம் கண்மாய் புதரைப்போல் நீரைச் சேர்ப்பதோடு நின்றுவிடவில்லை. சேர்த்தபின் பகிர்ந்தது. நீர்க்கட்டி என்றும் மடைக்குடும்பன் என்றும் ஊருக்கு ஒரு பெயரால் அழைக்கப்பட்டவர், கண்மாயில் எத்தனை நாள் நீர் நிற்கும் என்று கணித்து, வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்சினார். நீர் குறைந்த ஆண்டில் எவன் வயலும் முழுவதும் காயாதபடி எல்லார் முறையையும் குறைப்பது அவர் பொறுப்பு. கடைமடைக்காரனின் வயலும் முதல் மடைக்காரனின் வயலும் அவர் மண்வெட்டிக்கு முன் ஒன்றே. பல ஊர்களில் இந்தப் பணியைச் செய்தவர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். தமக்கென்று வயல் இல்லாததால் ஓரம் சாயமாட்டார் என்று ஊரார் அவரை நம்பினார்களாம். இதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. நமக்கு அதில் பெருமை பாதி, வெட்கம் பாதி. நீரை நீதியோடு பகிர்ந்தவருக்கு நிலம் ஏன் இல்லாமற் போயிற்று என்ற கேள்வியை அந்த ஊர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பொட்டலின் நிலைதான் அவருடைய நிலையும். அவர் வழியாக நீர் ஓடியது, அவரிடம் தங்கவில்லை.

வருவாய்க் கணக்கில் மேட்டுநிலத்துக்கு என்ன பெயர் என்று நினைத்துப் பாருங்கள். தரிசு, புறம்போக்கு. வரி தருவது நிலம், வரி தராதது வீண் என்ற வெள்ளையர் காலத்துக் கணக்கர் பார்வை இன்னும் நம் நாவில் தங்கியிருக்கிறது. வீண் நிலம் என்று பெயர் வைத்துவிட்டால் அதை எதுவும் செய்யலாம். வரத்துக்காலை மண்ணடித்து வீட்டுமனைக் கல் நடலாம். சரளை அள்ளலாம். அதன்பின் கண்மாய்க்கு நீர் வரவில்லையே என்று வானத்தைக் குறைகூறலாம். மழை அதே மழைதான். அதை ஏந்திக்கொடுத்த பொட்டல்தான் இல்லை.

சீமைக் கருவேலத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. 1870-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மரம், விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பப்பட்டு, வேலிக்காத்தான் என்ற பெயரும் பெற்றது. அது இடைவெளி விட்டு நிற்கும் மரமன்று. உடைமரம் விட்டுவைத்த பொட்டலையும், கண்மாயின் வயிற்றையும், வரத்துக்காலையும் ஒரே முள்காடாக அடைத்துவிடும். மேலிருந்து பார்த்தால் முழுப் பச்சை. பச்சையெல்லாம் நன்மை என்று எண்ணுவோர் அதைக் கண்டு மகிழலாம். கண்மாய்க்கு வரும் நீர் வழியிலேயே நின்றுவிடுவது அந்தப் படத்தில் தெரியாது. அதை அகற்றும்படி 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கடுமையான உத்தரவுகள் பிறப்பித்ததை வாசகர்கள் நினைவுகூரலாம். ஆனால் மானாவாரி பொய்த்த ஆண்டுகளில் இம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் நிலமற்ற குடும்பங்கள் பல அடுப்பெரித்தன. நஞ்சைக்காரனுக்கு அது பகை. புஞ்சைக்காட்டுக் கூலிக்கு அது கஞ்சி. வேரோடு பிடுங்குவது நல்லதே என்று நாமும் எண்ணுகிறோம். பிடுங்கிய பிறகு அந்தக் கூலியின் அடுப்புக்கு என்ன வழி என்பதை உடன் பேசாத எந்தத் திட்டத்திலும் நமக்கு நம்பிக்கை இல்லை.

ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. புதர் தன்மீது வழிந்துவந்ததைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகிறது. ஆழ்துளைக் கிணறோ அயலானின் காலடியில் ஏற்கெனவே இறங்கியிருந்ததை மேலே இழுக்கிறது. முன்னது வேரின் வேலை. பின்னதற்குத் தாவரங்களில் உவமை தேடிக் களைத்துவிட்டோம்.

வறண்ட நிலங்களின் கோலத்தைப் படிப்பவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். மழை குறையக் குறைய, முழுப் பச்சையில் முதலில் ஓட்டைகள் தோன்றும். பிறகு பச்சையும் பொட்டலும் பின்னிய வரிகளாகும். பிறகு தனித்தனிப் புள்ளிகளாகச் சுருங்கும். அதற்கும் பின் ஒருநாள் எல்லாம் மறைந்து பாலையாகும். மறைந்தபின் பழைய அளவு மழை திரும்ப வந்தாலும் பசுமை திரும்புவதில்லை, ஏனெனில் நீரைத் தடுத்து நிறுத்தப் புதர் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆகவே புள்ளிக்கோலம் அழிவின் முன்னறிவிப்பு என்று ரீட்கெர்க் என்பவரும் அவருடைய தோழர்களும் 2004-இல் எழுதினார்கள். அதே ரீட்கெர்க் 2021-இல் வேறு சிலரோடு சேர்ந்து மறுபக்கத்தையும் எழுதினார்: இவ்வாறு கோலத்தை மாற்றிக்கொள்ளும் ஆற்றலே நிலத்தைச் சட்டென்று வீழாமல் காக்கவும் கூடும். நம்மைக் கவர்ந்தது இந்த இரண்டாவது கருத்து. திட்டாகச் சுருங்கி நிற்கும் புதர் தோற்றுக்கொண்டிருக்கிறதா, தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதைத் தொலைவிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வறுமைப்பட்ட குடும்பங்களைப் பற்றியும் நாம் இத்தகைய தீர்ப்புகளை எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

கலைந்த கோலத்தை மனிதக் கை மீண்டும் வரையவும் முடியும். புர்க்கினா ஃபாசோ நாட்டின் வடபகுதியில், 1980-களின் கொடும் வறட்சியில் ஊரைவிட்டு மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது, யாக்கூபா சவடோகோ என்ற உழவர் ஓடாய் இறுகிய நிலத்தில் கோடையிலேயே சிறு குழிகளைத் தோண்டினார். 'சாய்' என்று அந்நாட்டார் அழைக்கும் பழைய முறைதான் அது. அவர் குழியைப் பெரிதாக்கி எருவும் இட்டார். எருவைத் தேடிக் கறையான் வந்தது. கறையான் மண்ணைத் துளைத்தது. மழை வந்தபோது குழிகளுக்கு இடையே கிடந்த பொட்டல் தன் நீரைக் குழிக்குள் வழியவிட்டது. குழியில் தானியம் விளைந்தது. தானியத்தோடு மரமும் முளைத்தது. காலப்போக்கில் அங்கே ஒரு காடே உருவாயிற்று. தொடக்கத்தில் அவரைப் பித்தன் என்றார்களாம். 2018-இல் வாழ்வுரிமை விருது பெற்ற அவர் 2023-இல் காலமானார். அவருடைய கதையில் நாம் மீண்டும் மீண்டும் நினைத்துக்கொள்வது, அவர் தம் நிலம் முழுவதையும் தோண்டிவிடவில்லை என்பதைத்தான். குழிக்கும் குழிக்கும் இடையே கொடுப்பதற்கென்று நிலம் விட்டிருந்தார்.

அந்த ஆடு மேய்க்கும் பெரியவரிடம் திரும்பி வருவோம். அவருக்குக் கண்மாய்க்குக் கீழே நிலம் கிடையாது. மேட்டுக்காட்டில் ஏதோ கொஞ்சம் மானாவாரி. மழை உண்டானால் சோளம். அவர் ஆடுகள் மேயும் அந்தச் செவக்காட்டின் நீர்தான் கண்மாயை நிரப்புகிறது. கண்மாய் நிரம்பினால் அவருக்கு என்ன பங்கு என்று கேட்டோம். முதலில் அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. பிறகு சற்று யோசித்தார்.

"தண்ணி வத்துற காலத்துல மீன்பிடிக்கு ஊர்ல தண்டோரா போடுவாக, தம்பி. நெலம் இருக்கவன், இல்லாதவன், பக்கத்து ஊருக்காரன், ஆணு பொண்ணு எல்லாரும் ஊத்தாவ எடுத்துக்கிட்டு ஒண்ணா எறங்குவோம். அன்னைக்கு எங்க வீட்டுலயும் கொழம்பு மணக்கும்."

தென் மாவட்டங்கள் பலவற்றில் இந்த மீன்பிடித் திருவிழா வழக்கம் இன்னும் உண்டு. மடை வழியாக நஞ்சைக்கு மட்டும் சென்ற நீர், ஆண்டின் இறுதியில் ஒரே ஒரு நாள், மேட்டுநிலத்தானுக்கும் மீனாகத் திரும்பிவருகிறது. எவர் இதை ஏற்படுத்தினாரோ, அவர் பொட்டலின் கணக்கை அறிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

"இப்போதும் உண்டா, அய்யா?"

"இப்ப மீன் பாசிய ஏலம் விட்டுட்டாக. ஏலம் எடுத்தவருதான் பிடிக்காரு. கரையில நின்னு பாக்கலாம்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவர் பொட்டலைக் கடந்து அடுத்த உடைமரத்தை நோக்கி நடந்தார். முதல் துளிகள் அந்த இறுகிய மண்ணில் விழுந்து, உள்ளே இறங்காமல், ஒரு கணம் நின்று, பிறகு சரிவைக் கண்டு மெல்ல ஓடத் தொடங்கின.